பத்தொன்பது கேக்குகளும் முட்டையளவு இரைப்பையும்

ஜனவரி மாதம் லாவோன் அரிசோனாவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் வெயில் காய்ந்துவிட்டு வந்தாள் என்று ஊரே நம்பியது. அந்த மூன்று வாரமும் அவள் கண்ணில் வெயிலே படவில்லை. ஒமாஹாவில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இரண்டு நாள், பிறகு ஜன்னல் திறக்காத ஒரு விடுதி அறையில் மீதி நாள். ஊர் திரும்பியபோது அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. பாலைவன வெயிலில் இருந்துவிட்டு வந்த முகம் எப்படி வெளுக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அயோவாக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். எதையும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். முதுகு திரும்பும்வரை காத்திருப்பார்கள்.

பிறகு அவள் இளைக்க ஆரம்பித்தாள். மார்ச்சில் நாற்பது பவுண்டு, மே மாதம் அறுபத்தைந்து, ஜூலையில் எண்பத்தைந்து. ஆனால் மார்ச்சிலேயே அவர்களால் மரியாதையைத் தாங்க முடியாமல் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில், ஜெனீவா என்கிற சிநேகிதி கேட்டேவிட்டாள்.

"எப்படிடி லாவோன், இப்படி எளைச்சுட்ட?"

உண்மையைச் சொல்ல லாவோனுக்கு அங்கே ஒரு நொடி இருந்தது. ஆனால் அதே அறையில், காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஃபிலிஸ் நின்றிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஃபிலிஸ் இதே அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டு, வெள்ளை மனதோடு ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். "வயித்த வெட்டிக்கிட்டு எளைக்கிறதுல என்ன பெருமை இருக்கு? அது பரீட்சையில பாத்து எழுதுன மாதிரி" என்று அப்போது ஒருத்தி சொன்னாள். அந்த வாக்கியம் ஊரில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சொன்னவள் லாவோன்தான்.

"நடக்குறேன்" என்றாள் லாவோன். அது பொய்யில்லை. கட்டிலிலிருந்து குளியலறைவரை நிறையவே நடந்திருக்கிறாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மனசுதாண்டி எல்லாம். மனசக் கட்டிட்டா வயிறு தானா அடங்கும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும் எடைக் குறைப்புக் கூட்டத்துக்கு அவளைத் தலைவியாக்கிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவன் டெல்மர். ரகசியம் காப்பதற்கு அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவான், அதில் இரண்டு நாயோடு. நாற்பது வருடமாக வயல்களுக்கடியில் வடிகால் குழாய் பதிக்கிற வேலை. மக்காச்சோளக் காட்டில் தண்ணீர் தேங்கினால் அந்த வட்டாரம் முழுக்க அவனைத்தான் கூப்பிடும். அவன் வருவான், மண்ணைப் பார்ப்பான், தோண்டுவான், போவான்.

அப்பேர்ப்பட்ட டெல்மர் ஒமாஹாவில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் வாய் திறந்தான். அந்தம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். உணவுக்குழாய், அதன் கீழே பெரிய இரைப்பை, அதன் கீழே சுருண்டு கிடக்கும் சிறுகுடல்.

"இரைப்பையோட மேல்பக்கத்துல ஒரு கோழிமுட்ட அளவுக்குத் தனியாப் பிரிச்சுத் தச்சுடுவோம். இனிமே சாப்பாடு விழற எடம் அதுதான். அப்புறம் சிறுகுடல கொஞ்சம் தள்ளி வெட்டி, கீழ்நுனிய மேல தூக்கிட்டு வந்து அந்த முட்டையோட சேத்துடுவோம். பெரிய இரைப்பைக்கும் குடலோட மொதல் பகுதிக்கும் இனிமே சாப்பாடு போகாது."

லாவோன் அந்தப் படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெல்மர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பழைய குளத்த என்ன பண்றீங்க? தூத்துடுவீங்களா?"

"எது, பெரிய இரைப்பையா? அப்படியே விட்டுடுவோம். அது பாட்டுக்கு அமிலம் சுரந்துக்கிட்டு இருக்கும். அதுவும், ஈரல்லேர்ந்து வர்ற பித்தநீரும், கணையத்து நீரும் பழைய பாதையிலயே எறங்கி வந்து, இதோ, கீழ இந்த எடத்துல சாப்பாட்டோட சேரும்."

"அப்ப இது கவட்டக் குழாய்."

"அப்படியும் சொல்லலாம்."

"குளத்துக்கு அடியில மடை ஒண்ணு இருக்கணுமே. தண்ணிய அளவா விட."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்த புருஷன்மார்கள் வழக்கமாகக் கேட்பது வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றித்தான்.

"இருக்கு. இரைப்பையோட அடிவாயில ஒரு வளையத் தசை இருக்கு. சாப்பாட்ட கொஞ்சம் கொஞ்சமாத்தான் கீழ விடும். புதுப் பாதையில அது கெடையாது. அதனால சர்க்கரை சாப்பிட்டா நேராப் போய் குடல்ல கொட்டும். அதச் சமாளிக்க, குடல் ஒடம்புல இருக்குற தண்ணிய இழுக்கும். நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், வயித்தப் பெரட்டும். கழிப்பறைக்கு ஓடணும்."

"எத்தன நிமிஷத்துல?"

"பத்துலேர்ந்து அர மணி நேரம்."

டெல்மர் தலையாட்டினான். மடை இல்லாத குளத்தை அவனுக்குத் தெரியும். அந்த வருடத்துக்கான பேச்சு அத்துடன் முடிந்தது என்றுதான் லாவோன் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அமோகமாக நடந்தது. மருத்துவமனை கொடுத்த சிறு புத்தகத்திலிருந்த விதிகளை லாவோன் தன் கையெழுத்தில் அழகாக எழுதி, மருத்துவமனையின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்லவும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, அரைமணி கழித்துக் குடி. முதலில் இறைச்சி, பிறகு காய்கறி, மற்றதெல்லாம் இடமிருந்தால். இதெல்லாம் முட்டையளவு வயிற்றுக்கு எழுதப்பட்ட சட்டம். முழு வயிற்றோடு உட்கார்ந்திருந்த பதினான்கு பெண்கள் அதைக் கடைப்பிடித்து, தாடை வலியைத் தவிர வேறெதையும் பெறாமல் வீட்டுக்குப் போனார்கள்.

அவளுக்கோ பசி என்பதே இல்லை. பசியைக் கிளப்பும் சுரப்பு பெரும்பாலும் அந்தப் பெரிய இரைப்பையிலிருந்துதான் வருகிறதாம், இப்போது அது அடங்கிக் கிடக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பசியே இல்லாதவள் பசியை வெல்வது எப்படி என்று வாரம் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது புது ஷாம்பு சரியில்லை என்றாள். வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டிய இரும்பு மாத்திரை, சுண்ணாம்பு மாத்திரை, நாக்கடியில் வைக்கும் வைட்டமின் எல்லாவற்றையும் ஒரு புதினா மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். உணவு தன் பழைய வழியில் போனால்தானே உடம்பு அந்தச் சத்துகளைத் தானாக எடுத்துக்கொள்ளும். வாய் மணக்க அவ்வளவு அக்கறையா என்று ஜெனீவா மெச்சிக்கொண்டாள்.

கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் எந்த விதியும் பலிக்கவில்லை. அவள் டெல்மரின் தங்கை ஆர்லிஸ். ஐம்பத்து மூன்று வயது, அண்ணனைப் போலவே அகலமான தோள், அண்ணனைப் போல் அல்லாமல் நல்ல வாய். அந்த மாவட்டத்தில் கேக் என்றால் ஆர்லிஸ்தான். கோடைக் கண்காட்சியில் தேவாலயம் நடத்தும் உணவுக் கடைக்கு முப்பது வருடமாக அவள்தான் கேக் செய்து தருகிறாள். முதல் மாதத்திலேயே ஆர்லிஸ் நாலு பவுண்டு இழந்து ஆறு பவுண்டு சம்பாதித்தாள்.

"என்ன தப்பு பண்றேன்னே தெரியல லாவோன். முப்பது தடவ மென்னா கேக்கு தண்ணியாப் போயிடுது. தண்ணி குடிக்கக் கூடாதுங்குற, அப்ப நான் எந்த விதிய ஒடைக்கிறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். லாவோன் சிரிக்கவில்லை. தலைவிகள் சிரிப்பதில்லை.

"சமைக்கும்போது ருசி பாக்குற இல்ல? அதுலயே ஒரு வேளச் சாப்பாடு உள்ள போயிடும். நாக்குல வைக்கவே கூடாது. உனக்கு மனசுல உறுதி இல்ல ஆர்லிஸ். அதான் விஷயம்."

சிரிப்பு நின்றது. ஆர்லிஸ் அதைத் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் அந்தத் தாள் அவள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது: நாக்கில் வைக்காதே. மனசில் உறுதி.

கண்காட்சியின் மூன்றாம் நாள் காலை மார்சீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். கேக் போட்டிக்குப் பொறுப்பாளர் அவள்தான். நடுவர் எப்போதும் பக்கத்து மாவட்டத்திலிருந்துதான் வருவார். உள்ளூர்க்காரிகளுக்கு ஒருவர் கேக்கை ஒருவர் மூடிய கண்ணோடு அடையாளம் தெரியும் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. இந்த வருடம் அந்த அம்மாள் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள்.

"நீதான் வரணும் லாவோன். நடுவர் பயிற்சி முடிச்சவ இங்க வேற யாரு இருக்கா? அதோட உன் கட்டுப்பாட்ட எல்லாரும் பாக்கட்டுமே. ஒரு வாய் தின்னுட்டு முள்கரண்டியக் கீழ வைக்க இந்த ஊருல உன்னால மட்டுந்தான் முடியும்."

முதல் காரணத்துக்கு லாவோன் முடியாது என்று சொல்லியிருப்பாள். இரண்டாவது காரணம் அவளை ஆட்டிப் பார்த்தது. "எத்தன கேக்கு?"

"பத்தொம்பது."

முள்கரண்டி நுனியில் ஒட்டுகிற அளவு. அது ஒன்றும் செய்யாது. மருத்துவமனையின் உணவு ஆலோசகரே ஒரு கடலையளவு பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறாள். லாவோன் கணக்குப் பார்த்துச் சரி என்றாள். ஒரு கடலையைப் பத்தொன்பதால் பெருக்க அவளுக்குத் தோன்றவில்லை.

டெல்மர் காப்பிக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தான்.

"சர்க்கரை" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "மடை இல்ல" என்றான்.

"எனக்குத் தெரியாதா? நீ போய் உன் குழாயப் பாரு."

கேக் கொட்டகை பன்றிக் கொட்டகைக்கு அடுத்தது. ஜூலை வெயிலில் தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. நான்கு பெரிய மின்விசிறிகள் பன்றி வாசனையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. மடக்கு நாற்காலிகளில் அறுபது பேர். கேக் வைத்தவர்கள், அவர்களின் அக்கா தங்கைகள், வெயிலுக்கு ஒதுங்கிய விவசாயிகள். பக்கத்தில் வெள்ளைப் பலகையில் ஒன்றிலிருந்து பத்தொன்பதுவரை எண்கள். பெயர் கிடையாது. நடுவர் ஒவ்வொரு கேக்காக வெட்டிப் பார்த்து, முகர்ந்து, தின்று, ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி கருத்துச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு பாராட்டு, பிறகுதான் குறை. "நெறம் நல்லா வந்திருக்கு" என்று ஆரம்பித்தால் அந்தக் கேக்கில் வேறெதுவும் நன்றாக இல்லை என்று அர்த்தம்.

லாவோன் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "நெறம் நல்லா வந்திருக்கு. ஆனா உள்ள சுரங்கம் ஓடுது பாருங்க. மாவ ரொம்ப நேரம் அடிச்சிருக்காங்க." வாய் கொப்பளிக்க மேசையில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்திருந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. "பாத்தியா, சாப்புடும்போது தண்ணியே குடிக்கல" என்று ஜெனீவா பக்கத்து நாற்காலியிடம் சொன்னது மேசைவரை கேட்டது. நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு நுனியும் வெண்ணெய்ப் பூச்சோடு நுனியைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. அறுபது பேர் பார்க்கும்போது கடலையளவு எடுப்பது கஞ்சத்தனமாகத் தெரியும்.

எட்டாவது கேக்கில் காது சூடானது. வெயில் என்று நினைத்தாள். ஒன்பதாவதில் நெற்றியிலிருந்து வேர்வை கேக்கின் மேலேயே சொட்டப் பார்த்தது. பத்தாவது தேங்காய்க் கேக். "நெறம் நல்லா வந்திருக்கு" என்றாள், அது வெள்ளைக் கேக் என்பதைக்கூடக் கவனிக்காமல். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

பதினொன்றாவதை மூடியிருந்த காகிதத்தை மார்சீன் எடுத்தபோதே அது யாருடையது என்று லாவோனுக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரையைக் கருக்கிச் செய்த கேக், நடுவில் புளிப்புக் கிரீமும் உலர்திராட்சையும். ஆர்லிஸ் நான்காவது வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாவோன் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்தாள்.

"இந்தக் கேக்குல என்னன்னா…"

அதற்குள் குடல் தன் முடிவைச் சொல்லிவிட்டது. ஒலிபெருக்கி மேசையில் விழுந்து கொட்டகை அதிர்ந்தது. லாவோன் எழுந்து மூன்று எட்டு மரியாதையாக நடந்தாள். நான்காவது எட்டில் மரியாதை போய்விட்டது. பன்றிக் கொட்டகையைத் தாண்டி, பெண்கள் கழிப்பறையை நோக்கி, எண்பத்தைந்து பவுண்டு குறைந்த உடம்பு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

அரைமணி நேரம் கழித்து அவள் முதலுதவிக் கூடாரத்தில் கட்டிலில் கிடந்தாள். நெஞ்சின் தட்டல் குறைந்திருந்தது. உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. தாதி வந்து நாடி பிடித்தாள்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா? மருந்து ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் லாவோன். வழக்கமாகிப்போன பொய்க்கு மூச்சுகூடத் தேவைப்படவில்லை.

"அப்ப அந்தப் பதினொன்னாவது கேக்குதான்" என்றாள் தாதி. "இந்த வெயில்ல புளிச்ச கிரீம வச்சிருக்காங்களே, என்ன சொல்றது."

டெல்மர் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். தாதி போனதும் சொன்னான். "பதினாலு."

"என்ன பதினாலு?"

"கடையில இருந்த ஆர்லிஸ் கேக்கு. பன்னிக்குக் கொட்டுறாங்க."

லாவோன் எழுந்து உட்கார முயன்றாள். "எதுக்கு? யாரு சொன்னா?"

"மார்சீன். பதினொன்ன மூட்ட கட்டி வச்சிருக்கா. சுகாதார ஆபீசருக்கு." இவ்வளவு நீளமாகப் பேசியதில் அவனுக்கே களைப்பு வந்தது.

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாதன்னியே."

அப்போது கூடாரத்தின் துணியை விலக்கிக்கொண்டு ஆர்லிஸ் வந்தாள். சமையலுக்குக் கட்டும் முன்கச்சையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். அந்த முன்கச்சை இல்லாத ஆர்லிஸைப் பார்க்க லாவோனுக்குப் பயமாக இருந்தது. அதைக் கட்டாமல் அவளைக் கண்காட்சியில் பார்த்ததே கிடையாது.

"இப்ப எப்படி இருக்கு லாவோன்?"

"பரவால்ல. ஆர்லிஸ், நீ…"

"நீ பேசாத, படு. என்ன மன்னிச்சிரு. கிரீம் கெட்டுருச்சா, முட்ட பழசா, எனக்கே தெரியல. அதான் அசிங்கம். மார்சீன் கேக்குறா, செய்யும்போது எப்படி இருந்துச்சுன்னு. என்னால பதில் சொல்ல முடியல. ருசியே பாக்கலையே."

"ருசி பாக்கலையா?"

"நீதான சொன்ன, நாக்குல வைக்காதன்னு. மூணு மாசமா ஒரு சொட்டு வச்சதில்ல. மத்ததுலதான் உறுதி இல்ல, இதுலயாச்சும் இருக்கட்டுமேன்னு." ஆர்லிஸ் சிரிக்கப் பார்த்தாள். "கண்ண மூடிக்கிட்டு வண்டி ஓட்டுன மாதிரி ஆயிடுச்சு. மார்சீன்கிட்ட சொல்லிட்டேன். இனிமே கடைக்கும் பண்ண மாட்டேன், போட்டிக்கும் வைக்க மாட்டேன்னு. யாரையாச்சும் கொன்னுடப் போறேன்."

மனசைக் கட்டு, மனசைக் கட்டு என்று நாலு மாதம் ஊருக்குச் சொன்னவளுக்கு அந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. உண்மை வெளிவந்தால் ஜெனீவாவின் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தாள். ஃபிலிஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தச் சுருட்டிய முன்கச்சையைப் பார்த்தாள்.

"டெல்மர், என்னத் தூக்கி விடு."

கொட்டகையில் யாரும் கலைந்திருக்கவில்லை. இவ்வளவு நல்ல கண்காட்சி பல வருடமாக நடந்ததில்லை. லாவோன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று ஒலிபெருக்கியை எடுத்தாள். வாயில் வந்த முதல் வார்த்தை பழக்கத்தில் "நெறம்" என்றே ஆரம்பித்தது. நிறுத்தினாள்.

"அந்தக் கேக்குல ஒண்ணுமில்ல. கோளாறு என் வயித்துல. ஜனவரியில நான் அரிசோனாவுக்குப் போகல. ஒமாஹாவுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். என் இரைப்பை இப்ப இவ்வளவுதான்." விரல்களைக் குவித்துக் காட்டினாள். "சர்க்கரை உள்ள போனா இப்படித்தான் ஆகும். எந்தக் கேக்குன்னாலும் ஆகும். எட்டாவதுலயே ஆரம்பிச்சுடுச்சு. மனசும் இல்ல, நடையும் இல்ல. ஆர்லிஸ் கேக்கப் பன்னிக்குக் கொட்டுறத நிறுத்துங்க."

அறுபது பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். அயோவாவில் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அவருக்காக வெட்கப்பட்டுத் தருவது வழக்கம். மின்விசிறிகள் மட்டும் சுற்றின. அந்த அமைதி இன்னும் ஒரு நிமிடம் நீடித்திருந்தால் லாவோன் மறுபடி ஓடியிருப்பாள். ஆனால் பின்வரிசையிலிருந்து ஹார்லன் என்கிற விவசாயி தொண்டையைச் செருமினான்.

"ஃபிலிஸுக்குப் பண்ண மாதிரி சின்ன இரைப்பையோட குடல சேத்துருப்பாங்களே, அந்த மூட்டுல கசியாதா?"

லாவோன் விழித்தாள். அவளுக்கு அது தெரியாது. கேட்கவே பயந்த கேள்வி அது.

"மொத மாசந்தான் பாத்துக்கணும்" என்றது ஒரு குரல். டெல்மர் எழுந்து முன்னால் வந்தான். வெள்ளைப் பலகையில் இருந்த எண்களை முழங்கையால் அழித்தான். மார்சீன் தடுக்க வாயைத் திறந்து மூடினாள். டெல்மர் வரைந்தான்: மேலே ஒரு முட்டை, பக்கத்தில் ஒரு பெரிய குளம், முட்டையிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு, குளத்திலிருந்து வளைந்து வந்து அதில் சேரும் இன்னொரு கோடு.

"இது பழைய குளம். தூர்க்கல, அப்படியே இருக்கு. இது புதுக் குழாய்."

"பழைய குளத்துல தண்ணி தேங்கி நாறுமே" என்றான் ஹார்லன்.

"தேங்காது. சொரக்கறது இந்த வழியா எறங்கி இங்க சேந்துடும். அதுக்கப்புறம்தான் செரிமானமே சரியா ஆரம்பிக்கும்."

"மேல ஓடுற தூரத்துல சத்து இழுக்காதா?"

"கொஞ்சந்தான் இழுக்கும். அதுக்குத்தான் மாத்திர. புதினா டப்பாவுல இருக்கு."

ஜெனீவா கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"குளத்து மடைய எங்க வச்சிருக்காங்க?" என்று இன்னொருவன் கேட்டான்.

"புது வழியில மடை இல்ல."

கொட்டகையிலிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். மடை வைக்காத வேலையை அவர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "அப்ப மழை வந்தா மொத்தமும் ஒரே நேரத்துல அடிச்சுக்கிட்டுப் போகும்" என்றான் ஹார்லன், லாவோனை இப்போது புதிய இரக்கத்தோடு பார்த்து.

"போச்சு" என்றான் டெல்மர். "பாத்தீங்களே."

ஆறு மாதமாகத் தான் காப்பாற்றிய மானம் ஒரு வடிகால் படமாகப் பலகையில் தொங்குவதை லாவோன் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி வரிசையில் ஃபிலிஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன.

"அரிசோனா" என்றாள் ஃபிலிஸ். "எனக்குத் தோணாமப் போச்சு பாரேன்."

"ஃபிலிஸ், நான் அன்னிக்குச் சொன்னது…"

"தெரியும். பாத்து எழுதுனது. நீ யாரப் பாத்து எழுதுனன்னும் இப்ப எல்லாருக்கும் தெரியும்."

பன்றிக் கொட்டகையிலிருந்து தள்ளுவண்டி திரும்பி வந்தது. பதினான்கில் ஐந்து கேக் போய்விட்டிருந்தது. அந்த ஐந்தையும் தின்ற பன்றிகள் வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு ஆறாவது எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தன. கேக் கெட்டதில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று சுகாதார அதிகாரியால் தர முடியாது. மார்சீன் மூட்டை கட்டிய பதினொன்றாம் எண்ணை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் கேக்கைப் பார்த்து, "சாரி" என்றாள்.

கூட்டம் கலைந்தபோது செவ்வாய்க்கிழமைப் பெண்கள் ஒவ்வொருவராக லாவோனைக் கடந்து போனார்கள். "இப்படி ஏமாத்தியிருக்க வேண்டாம்" என்று ஜெனீவா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "ஒமாஹா டாக்டரோட நம்பர் வச்சிருக்கியா?" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் அதே கேள்வியோடு, கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றிருந்தார்கள்.

ஆர்லிஸ் மட்டும் வரவில்லை. மேசையருகில் நின்று தன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாவோன் மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

"ஆர்லிஸ்."

"மூணு மாசம்" என்றாள் ஆர்லிஸ், திரும்பாமல். "ராத்திரி படுக்கும்போது எனக்குள்ள என்ன கொறைன்னு யோசிப்பேன். அந்தத் தாள ஒட்டி வச்சுட்டு ஒவ்வொரு தடவையும் கதவத் தொறக்கும்போது படிப்பேன். நீ அங்க வந்து காப்பி குடிப்ப. அதப் பாத்துக்கிட்டே குடிப்ப."

"ஆமா" என்றாள் லாவோன்.

"எங்கண்ணன் வேற படம் போட்டுக் காட்டுறான். எங்க அப்பா சாவுக்குக்கூட அவ்வளவு பேசல." ஆர்லிஸ் மூக்கை உறிஞ்சினாள். "மைக்குல ஏதோ சொல்ல வந்தியே. 'இந்தக் கேக்குல என்னன்னா'ன்னு. என்ன?"

"இப்ப எதுக்கு அது."

"சொல்லு. இன்னிக்கு உனக்கு உண்மை வர்ற நாள்."

"உப்பு" என்றாள் லாவோன். "மறந்துட்ட."

ஆர்லிஸ் மேசையிலிருந்த முள்கரண்டியை எடுத்தாள். நடுவருடைய கடலையளவு இல்லை, தேவாலயக் கடையில் பசியோடு வரும் டிராக்டர்காரனுக்கு வெட்டுகிற அளவு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். முப்பது வருடமாகத் தன் கையால் செய்ததை மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தின்றாள்.

"ஆமா. உப்பில்ல" என்றாள், வாய் நிறைய கேக்கோடு. "எத்தனாவது எடம் குடுத்திருப்ப?"

"மூணு."

"நாலு" என்றாள் ஆர்லிஸ். "திராட்சையும் ஊறல." இன்னொரு துண்டைக் குத்தினாள். "செவ்வாக்கெழம நீ வரலாம். முன்னாடி உக்காரக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது. ஃபிலிஸ் பேசுவா."

லாவோன் தலையாட்டினாள். ஆர்லிஸ் முன்கச்சையைச் சுருளவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டே மென்றாள். அவள் மெல்லுவதை லாவோன் பழக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டில் ஆர்லிஸ் விழுங்கிவிட்டு, பக்கத்திலிருந்த நடுவரின் தண்ணீர்க் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.